போகாதவை

ஜூலை இரண்டாம் சனி. காலை ஏழு ஐம்பது.
வெரிபீ கழிவுநீர்ப் பண்ணையின் கதவில்
வெர்னன் சாவியைத் திருப்புகிறார்.
திரும்பவில்லை.
கையுறையைக் கழற்றி, பூட்டுக்குள் ஊதி, மறுபடி.

ட்ருகனினாவில் நான் போன வாரம் இழுத்துவிட்ட தண்ணீரும்
இந்தக் குளங்களில் எதிலோதான் இருக்க வேண்டும்.
கடலைத் தொட ஒரு மாதம் போல ஆகும் என்கிறார்,
இருபது வருஷம் இங்கே மதகு பார்த்தவர்.
நாற்றம் அவருக்குத் தெரிவதில்லை.
எனக்கு முதல் மடை வரைக்கும்.

டிசம்பரில் இந்தக் கரையில் வண்டி நிறுத்த இடமிருக்காது.
சைபீரியாவிலிருந்து வந்த ஒவ்வொன்றுக்கும் நாலு கேமரா.
பங்குனியில் அவை கழுத்து சிவந்து, கொழுத்து,
ஒரு மாலை கத்திக்கொண்டே எழுந்து
வடக்கே போனதும்
ஆட்களும் போய்விடுவார்கள்.

நாங்கள் எண்ண வந்தது
போகாதவற்றை.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள்.
இங்கே முக்காலி ஆடுகிறது,
தொலைநோக்கிக்குள் வானமும் ஆடுகிறது.
முதலில் சேறு மட்டும் தெரிந்தது.
பிறகு சேறு ஓடியது.

செங்கழுத்துக் கொசு உள்ளான்.
சிவப்பு ஒரு நூல்கூட இல்லை.
கொசு என்று பெயர் வைத்தவர்
பார்த்துத்தான் வைத்திருக்கிறார்:
முப்பது கிராம்,
வெர்னனின் சாவிக்கொத்தில் பாதி.
பெரும்பாலும் போன வருஷக் குஞ்சுகள்,
முதல் பயணத்துக்குப் பிறகு
ஓராண்டு உட்கார்ந்து தின்பவை.

பத்தை எண்ணிக்கொண்டு,
அந்தப் பத்தின் அகலத்தைக் கண்ணில் வெட்டி
கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போக வேண்டும்.
நூற்றுக்கு மேல் எனக்குத் தமிழில்தான் எண்ண வரும்.
வெர்னனுக்கு முந்நூற்று நாற்பது.
எனக்கு நானூற்றுப் பத்து.

இரவில் நான் கிடங்கில் சரக்கு எண்ணுகிறவன்:
டின் தக்காளி, பூனைத் தீனி, குழந்தைகளின் டயபர்.
எண்ணி முடிக்கும்வரை அசையாதிருப்பது
சரக்கின் நல்ல குணம்.

மறுபடி தொடங்கினோம்.
இருநூற்று முப்பதில் பூனைப்பருந்து வந்தது.
அவசரமில்லாமல், கோரைக்கு மேலே,
வாடகை வசூலிப்பவன் போல.
சேறு முழுவதும் எழுந்தது,
ஒரு திருப்பத்தில் வெள்ளை, மறு திருப்பத்தில் சாம்பல்,
அதற்கு அடுத்ததில் ஒன்றுமே இல்லை.

வெர்னன் ஃபிளாஸ்க்கைத் திறந்தார்.
"முந்நூற்று எழுபத்தைந்து என்று போடலாமா?"
நடுவில் பிடித்த எண்ணுக்கு
எங்கள் கிடங்கில் வேலை போகும் என்றேன்.

தேநீர் பாதியில் அவை திரும்பின.
முதல் வரிசையில் ஒன்றின் காலில் ஆரஞ்சுத் துண்டு.
டி. எக்ஸ். மூன்றாம் எழுத்தில் சேறு.
அது தண்ணீரில் இறங்கும்வரை
இருபது நிமிடம் மூச்சை அடக்கி நின்றோம்,
எங்களுக்காக அது கால் கழுவப்போவது போல.
கழுவியது.
மூன்றாவது, ஈ.
கொசுவின் காலில் ஈ என்று எனக்குச் சிரிப்பு வந்தது.
வெர்னனுக்கு விளக்க முடியவில்லை.

பதிவேடு வைத்திருக்கும் ஹெய்டியைக் கூப்பிட்டார்.
ஒன்பது வருஷத்துக்கு முன், இதே கரையில் மாட்டியது.
அப்போதே வளர்ந்த பறவை.
ஒரு குளிர்காலத்திலும் அதை இங்கே யாரும் பார்த்ததில்லை.
இந்த வருஷம்தான்.

நொண்டவில்லை. இறகு குறையில்லை.
நன்றாகத் தின்கிறது.
படிவத்தில் வயதுக்குக் கட்டம் உண்டு,
காரணத்துக்கு இல்லை.
"சும்மா இருந்துவிட்டதோ என்னவோ" என்றார் வெர்னன்.

இந்த வருஷமும் டிக்கெட் போடலையா என்று
வியாழக்கிழமை அக்கா கேட்டாள்.
உள்ளானுக்கும் எனக்கும் முடிச்சுப் போடுவது சுலபம்.
அது முப்பது கிராம், நான் எண்பத்தாறு கிலோ.
விடுப்பு இல்லை என்று சொல்ல
அதற்கு ஒரு மேலாளர் கிடையாது.
அக்காவிடம் மேலாளரைத்தான் சொன்னேன்.
மேலாளரிடம் நான் கேட்கவே இல்லை.

வற்றம் தொடங்கிவிட்டது.
இன்னும் கால்மணியில் எல்லாம் விரிகுடாவின் சேற்றுக்கு ஓடும்,
அப்புறம் எண்ண முடியாது.
வெர்னன் பென்சிலை எடுத்துத் தலையசைத்தார்.
டி எக்ஸ் ஈயிலிருந்து தொடங்கினேன்:
ஒன்று.